பிறந்த தேதி நெடுவரிசையில் பாதி ஸ்லாஷ், பாதி ஹைபன். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குவது எப்படி?

குளித்தலை எழுத்தர்
செவ்வாய், மாலை 5.50

அனைவருக்கும் வணக்கம். குளித்தலைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அலுவலக எழுத்தராக வேலை பார்க்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியலை எக்செல்லில் வைத்திருக்கிறேன். அ, ஆ, இ என்று மூன்று பிரிவு, மொத்தம் 142 பேர். முதலில் வரிசை எண், அடுத்து பெயர், மூன்றாவது நெடுவரிசையில் பிறந்த தேதி, அப்புறம் அப்பா பெயர், அம்மா பெயர், கைபேசி எண், முகவரி.

அ பிரிவையும் இ பிரிவையும் ஜூன் மாதத்தில் நான்தான் அலுவலகக் கணினியில் அடித்தேன். இரண்டும் சேர்ந்து 95 பேர். நாள், மாதம், வருடம் என்று நடுவில் ஸ்லாஷ் போட்டு அடிப்பது என் பழக்கம். ஆ பிரிவை வகுப்பாசிரியை வீட்டில் அவருடைய மடிக்கணினியில் அடித்து பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். அவர் புள்ளி வைத்து அடிப்பவர்.

இப்போது மூன்றையும் ஒரே தாளில் சேர்த்துப் பார்த்தால் கண்ணுக்கே நன்றாக இல்லை. சில தேதிகள் 08-07-2010 என்று ஹைபனோடு கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கின்றன. சில 23/05/2010 என்று ஸ்லாஷோடு இடப்பக்கம் ஒட்டி நிற்கின்றன. ஆ பிரிவு முழுக்க 14.11.2010 என்று புள்ளியோடு இடப்பக்கம். நான் ஹைபனே போடவில்லை, அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பிறந்த தேதி வரிசைப்படி அடுக்கச் சொன்னால் ஹைபன் போட்டவை எல்லாம் மேலே ஒரு கூட்டமாகவும், மற்றவை கீழே ஒரு கூட்டமாகவும் போய் நிற்கின்றன.

பொதுத்தேர்வுக்கு நாமினல் ரோல், அதாவது தேர்வெழுதும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், தயார் செய்ய இந்தப் பட்டியல்தான் அடிப்படை. வெள்ளிக்கிழமை எச்.எம். மேஜைக்குப் போக வேண்டும். எல்லாம் ஹைபனாக, ஒரே நேராக, அச்செடுத்தால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. 142-ஐயும் மறுபடி அடிக்காமல் இதைச் சரிசெய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஈரோடு கணக்கர்
செவ்வாய், இரவு 7.15

வணக்கம் மேடம். தேதி நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலையும் 1-ஐயும் சேர்த்து அழுத்துங்கள். ஃபார்மேட் செல்ஸ் பெட்டி திறக்கும். அதில் கஸ்டம் என்பதைத் தொட்டு, டி இரண்டு, ஹைபன், எம் இரண்டு, ஹைபன், ஒய் நான்கு என்று அடித்து ஓகே கொடுங்கள். ஆங்கில எழுத்துதான். எங்கள் ஜவுளிக் கடையில் பில் தேதியை எல்லாம் இப்படித்தான் வைத்திருக்கிறோம்.

குளித்தலை எழுத்தர்
செவ்வாய், இரவு 8.05

நன்றி சார். செய்து பார்த்தேன். இடப்பக்கம் நிற்கும் எதுவும் அசையவில்லை. 23/05/2010 அப்படியே இருக்கிறது.

ஈரோடு கணக்கர்
செவ்வாய், இரவு 8.30

அப்படியானால் அவை எழுத்தாக உட்கார்ந்துவிட்டன. பக்கத்தில் காலியான ஒரு நெடுவரிசையில் இந்த ஃபார்முலாவைப் போட்டுக் கீழே வரை இழுத்துவிடுங்கள். (இங்கே தமிழில் எழுதுகிறேன், எக்செல்லில் ஆங்கிலத்தில் அடிக்கவும்.)

=டேட்(ரைட்(சி2,4),மிட்(சி2,4,2),லெஃப்ட்(சி2,2))

கடைசி நான்கு எழுத்து வருடம், நடுவில் இரண்டு மாதம், முதல் இரண்டு நாள். ஸ்லாஷோ புள்ளியோ, எதுவாக இருந்தாலும் வேலை செய்யும்.

குளித்தலை எழுத்தர்
புதன், காலை 10.20

காலையில் வந்ததும் போட்டுப் பார்த்தேன் சார். நிறைய கட்டங்கள் சரியாக வந்துவிட்டன, மிகவும் நன்றி. ஆனால் இரண்டு பிரச்சினை.

ஒன்று, பத்துக் கட்டங்களில் வேல்யூ பிழை என்று வருகிறது. பார்த்தால் ஒன்பதில் நான் மாதத்துக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் 23/5/2010 என்று அடித்திருக்கிறேன். அது என் அவசரம், அவற்றைக் கையாலேயே திருத்திவிடலாம். ஆ பிரிவில் உள்ள மீதி ஒன்று ஏன் என்று தெரியவில்லை.

இரண்டாவது எனக்குப் புரியவே இல்லை. ஹைபனோடு வலப்பக்கம் அழகாக நின்றவற்றுக்கு இந்த ஃபார்முலா என்னென்னவோ வருடம் காட்டுகிறது. 08-07-2010 என்று இருக்கும் பிள்ளைக்கு 09-08-2272 என்று வந்திருக்கிறது. இன்னும் இருநூற்று நாற்பது சொச்சம் வருடம் கழித்துப் பிறக்கப்போகும் பிள்ளை எப்படிப் பத்தாம் வகுப்பில் படிக்கும்? ஹைபன் போட்டவை ஏற்கெனவே சரியாகத்தானே இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் ஃபார்முலா போட்டு முடித்துவிடட்டுமா?

திருப்பூர் டேட்டா என்ட்ரி
புதன், காலை 11.00

அம்மா, தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். எதையும் முடித்துவிடாதீர்கள். நேற்று வந்த பதிவை இப்போதுதான் பார்த்தேன். முதலில் அந்தக் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து ஓரமாக வையுங்கள். அப்புறம் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

வலப்பக்கம் ஹைபனோடு நிற்பவை மொத்தம் எத்தனை? அவற்றில் முதல் இரண்டு இலக்கமோ நடு இரண்டு இலக்கமோ எங்காவது 12-க்கு மேல் போகிறதா? ஜூன் மாதம் அடித்த பிறகு அந்தக் கணினியில் ஏதாவது மாற்றினார்களா?

குளித்தலை எழுத்தர்
புதன், மதியம் 12.40

எண்ணிவிட்டேன் ஐயா. வலப்பக்கம் 39. எல்லாமே அ, இ பிரிவுகளில்தான், ஆ பிரிவில் ஒன்றுகூட இல்லை. நீங்கள் கேட்டதும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 12-க்கு மேல் எதிலும் இல்லை. 39 பிள்ளைகளில் ஒருவர்கூட 12-ஆம் தேதிக்குப் பிறகு பிறக்கவில்லை என்பது எனக்கே இப்போதுதான் உறைக்கிறது.

கணினி போன மாதம் நின்றுவிட்டது. ஆள் வந்து விண்டோஸ் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். கோப்புகள் எதுவும் போகவில்லை.

திருப்பூர் டேட்டா என்ட்ரி
புதன், மதியம் 2.10

நான் பயந்தது இதைத்தான். நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டியலில் கோணல்மாணலாக இடப்பக்கம் நிற்கும் தேதிகள்தான் நீங்கள் அடித்தபடி இருக்கின்றன. அழகாக வலப்பக்கம் நிற்கிறதே, அந்த 39-தான் கெட்டுப்போனவை.

எப்படி என்று சொல்கிறேன். எக்செல் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாக வைத்துக்கொள்கிறது. 1900 ஜனவரி 1 அதற்கு 1. அங்கிருந்து ஒரு நாளுக்கு ஒன்று கூடும். 2010 ஜூலை 8 என்றால் 40367. திரையில் 08-07-2010 என்று தெரிவது அந்த எண்ணுக்குப் போட்ட சட்டை மட்டும்தான். ஈரோடு நண்பர் கொடுத்த ஃபார்முலா சட்டையைப் பார்க்காது, உள்ளே இருக்கும் 40367-ஐத்தான் துண்டுபோடும். முதல் இரண்டு இலக்கம் 40, நாலாவதிலிருந்து இரண்டு 67, கடைசி நான்கு 0367. நாள் 40, மாதம் 67, வருடம் 367. எக்செல் 367-ஐ 1900-த்தோடு கூட்டி 2267 ஆக்கி, 67 மாதத்தையும் 40 நாளையும் அதன்மேல் ஏற்றி 2272-ல் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. உங்களுக்கு வந்த விசித்திரமான வருடத்தின் கதை இதுதான். ஃபார்முலாமேல் குற்றமில்லை, அது எழுத்துக்காகச் செய்தது.

இனி அந்த 39. ஜூன் மாதம் உங்கள் கணினியில் விண்டோஸின் ரீஜன் அமைப்பு இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று இருந்திருக்கும். பல கணினிகள் அப்படியே வந்து அப்படியே ஓடும். அமெரிக்க வழக்கத்தில் மாதம் முதலில், நாள் அடுத்து. நீங்கள் 23/05/2010 என்று அடித்ததும் 23-ஆவது மாதம் என்று ஒன்று இல்லையே என்று எக்செல் அதைத் தேதியாகவே எடுக்கவில்லை. அடித்த எழுத்தை அடித்தபடி இடப்பக்கம் வைத்துவிட்டது. நீங்கள் 07/08/2010 என்று ஆகஸ்ட் 7-ஐ அடித்தபோது அதற்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஏழாவது மாதம், எட்டாம் நாள், ஜூலை 8 என்று எண்ணாக மாற்றி வலப்பக்கம் வைத்துவிட்டது. அன்று திரையில் 7/8/2010 என்றே தெரிந்திருக்கும், அதனால் உங்கள் கண்ணுக்கும் தப்பாகப் பட்டிருக்காது. போன மாதம் புதிதாக விண்டோஸ் போட்டவர் ரீஜனை இந்தியா என்று சரியாக வைத்திருக்கிறார். அதே 40367 இப்போது இந்தியச் சட்டை போட்டு 08-07-2010 என்று நிற்கிறது. நீங்கள் போடாத ஹைபன் வந்த வழி அதுதான்.

எண்ணிக்கையும் இதற்கு ஒத்துவருகிறது. ஒரு வருடத்தில் 12-க்கு உட்பட்ட தேதிகள் மாதத்துக்கு 12 என்று 144 நாள். 365-ல் 144 என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது. உங்கள் 95 பேரில் 37 அல்லது 38 வர வேண்டும், 39 வந்திருக்கிறது. ஆசிரியை புள்ளி வைத்ததால் எக்செல் அதைத் தேதியாக எடுக்கவில்லை, ஆ பிரிவு முழுசாகத் தப்பித்துவிட்டது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் இதே 12-க்குள் மாட்டியிருக்கிறேன். ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் ஆர்டர் தாளில் 04/05 என்று அமெரிக்காக்காரர் எழுதியிருந்தார். நான் மே 4 என்று பதிந்தேன், அவர்கள் சொன்னது ஏப்ரல் 5. சரக்கு ஒரு மாதம் தாமதம் என்று தெரிந்தபோது பேக்கிங்கூட ஆரம்பித்திருக்கவில்லை. பனியன் ஆர்டரைப் பேசிச் சரிக்கட்டிவிடலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பிறந்த தேதியை மாற்ற அந்தக் குடும்பம் எத்தனை வாசல் ஏற வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதலில் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, அந்த 39-ல் பத்துப் பேரை மட்டும் ஒத்துப் பாருங்கள். அது உறுதியானபின் சரிசெய்யும் வழியைச் சொல்கிறேன். அதுவரை வடிவம் மாற்றும் வேலை எதையும் தொடாதீர்கள். இடப்பக்கம் வலப்பக்கம் என்ற வித்தியாசம்தான் இப்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டால் எது கெட்டது எது நல்லது என்று தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

குளித்தலை எழுத்தர்
புதன், மாலை 4.45

பார்த்துவிட்டேன் ஐயா. பத்தில் பத்தும் நாளும் மாதமும் மாறியிருக்கின்றன. கை நடுங்கிவிட்டது.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் திரும்பத் திரும்ப எழுதிய அந்த 08-07-2010 அ பிரிவில் ஒரு பெண் பிள்ளை. போன வாரம் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தேன். அந்தப் பிள்ளையின் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். "பதினெட்டாம் பெருக்கு முடிந்து நாலாம் நாள் பிறந்தவ சார் எம்பொண்ணு, இதுல ஜூலைன்னு போட்டிருக்குன்னு சொல்றா" என்று கிளார்க் சாரிடம் சொன்னார். அவர் என்னைக் காட்டினார். நான் திரையைத் திருப்பிக் காட்டி, "பதிவேட்டைப் பார்த்து அடித்ததுதான் அம்மா, தேதி உங்களுக்கு மறந்திருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

ஆடி 18 என்றால் ஆகஸ்ட் 3. நாலு நாள் கூட்டினால் ஆகஸ்ட் 7. பதிவேட்டில் 07/08/2010 என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஜூலை 8-க்கு ஆடி பிறந்திருக்கவே இல்லை, அது ஆனி. காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு ஒரு நாள்கூட மறக்கவில்லை.

எச்.எம்.மிடம் நடந்ததைச் சொல்லி அடுத்த செவ்வாய் வரை நேரம் வாங்கியிருக்கிறேன். வழியைச் சொல்லுங்கள் ஐயா. எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து செய்கிறேன்.

நிலப் பதிவு உதவியாளர்
புதன், மாலை 6.20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பட்டா விவரம் அடிக்கும் எங்களுக்கும் இதே தொல்லை வேறு உருவத்தில் வரும். சர்வே எண் 12, உட்பிரிவு 3 என்பதை 12/3 என்று அடித்தால் எக்செல் அதை 12-மார்ச் ஆக்கிவிடும். பதறிப்போய் அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றினால் 45728 என்று ஓர் எண் வந்து நிற்கும். அது 2025 மார்ச் 12. அந்த வருடம் அடித்ததால் அந்த வருடத்தைச் சேர்த்துக்கொண்டது. கதவு எண்ணுக்கும் இதே கதிதான், முகவரி நெடுவரிசையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் மேடம்.

அடிப்பதற்கு முன்பே நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று வைத்துவிட்டால் தப்பிக்கலாம். இல்லையென்றால் ஒற்றை மேற்கோள் குறி போட்டுத் தொடங்க வேண்டும். என் மகள் உயிரியல் படிக்கிறாள். மார்ச்1, செப்ட்1 என்று பெயர் வைத்த மனித மரபணுக்களைக்கூட எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், பெயர் வைக்கும் குழு 2020-ல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டதாம்.

திருப்பூர் டேட்டா என்ட்ரி
புதன், இரவு 9.00

அம்மா, நீங்கள் பதிவேட்டைச் சரியாகத்தான் படித்து அடித்திருக்கிறீர்கள். நேரத்தில் பிடித்துவிட்டோம், நாமினல் ரோல் இன்னும் போகவில்லை. இனி வேலையைப் பார்ப்போம்.

பிறந்த தேதி சி நெடுவரிசையில் இருக்கிறது. முகவரிக்கு அப்பால் காலியாக இருக்கும் எச் நெடுவரிசையில் =இஸ்நம்பர்(சி2) என்று போட்டுக் கீழே வரை இழுங்கள். எண்ணாக மாறியவற்றுக்கு ட்ரூ என்றும், எழுத்தாக நிற்பவற்றுக்கு ஃபால்ஸ் என்றும் வரும். ட்ரூ 39, ஃபால்ஸ் 103 வர வேண்டும். வந்ததும் அந்த நெடுவரிசையை நகலெடுத்து, அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷல் போய் வேல்யூஸ் என்று ஒட்டிவிடுங்கள். இனி சி-யில் நீங்கள் என்ன செய்தாலும் இந்தச் சாட்சி மாறாது. பக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதை நம்பி இருக்கக் கூடாது. யாராவது அழகுக்காக நடுவில் வைத்துவிட்டால் அந்தத் தடயமும் போய்விடும்.

அப்புறம் ஃபில்டர் போட்டு ட்ரூ மட்டும் தெரியும்படி வையுங்கள். ஐ நெடுவரிசையில் அந்த 39-க்கு மட்டும் இதை அடியுங்கள். சி2 என்று நான் எழுதிய இடத்தில் அந்தந்த வரிசையின் எண் வர வேண்டும்.

=டேட்(இயர்(சி2),டே(சி2),மன்த்(சி2))

முறைப்படி வருடம், மாதம், நாள் என்று கொடுக்க வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே நாளையும் மாதத்தையும் இடம் மாற்றியிருக்கிறோம். மாறிப்போனது திரும்ப மாறி நேராகும். இதை ஒரே ஒருமுறைதான் செய்ய வேண்டும். சரியாக வந்ததா என்ற சந்தேகத்தில் விடையின் மேலேயே இரண்டாவது தடவை செய்தால் பழைய தப்புக்கே திரும்பிப் போய்விடும்.

அடுத்து ஃபால்ஸ் மட்டும் தெரியும்படி ஃபில்டர் செய்து, அந்த 103 தேதிகளையும் நகலெடுத்துப் புதுத் தாள் ஒன்றில், பக்கத்தில் வரிசை எண்ணோடு ஒட்டுங்கள். தேதிகளைத் தேர்ந்தெடுத்து டேட்டா பட்டியலில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் என்பதைத் திறங்கள். முதல் இரண்டு படியில் எதையும் தொடாமல் நெக்ஸ்ட் கொடுங்கள். மூன்றாவது படியில் டேட் என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துப் பெட்டியில் டி-எம்-ஒய் என்று வைத்து ஃபினிஷ் கொடுங்கள். நாள் முதலில், மாதம் அடுத்து என்று நாமே அதற்குச் சொல்லிவிடுகிறோம், அது ஊகிக்க வேண்டியதில்லை. பூஜ்யம் இல்லாத 23/5/2010-ஐயும் புள்ளி வைத்ததையும் இது எடுத்துக்கொள்ளும். உங்கள் ஒன்பது பிழையும் இதிலேயே தீர்ந்துவிடும்.

முடிந்ததும் எது இன்னும் இடப்பக்கமே நிற்கிறது என்று பாருங்கள். அது ஏதோ எழுத்துப் பிழை உள்ளது, கையால்தான் திருத்த வேண்டும். அப்புறம் வரிசை எண்ணைப் பார்த்து ஐ நெடுவரிசைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள்.

கடைசியாகத்தான் ஈரோடு நண்பர் சொன்ன வடிவம் மாற்றும் வேலை. உள்ளே இருக்கும் எண் சரியான பிறகு எந்தச் சட்டை போட்டாலும் நன்றாகவே இருக்கும்.

ஈரோடு கணக்கர்
வியாழன், காலை 9.10

மேடம், நான் கடை பில்லை மனதில் வைத்து அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். வடிவத்தை மட்டும் பார்த்தேன், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை, வருந்துகிறேன். எங்கள் கணினியிலும் ரீஜனைப் பார்த்தேன், இந்தியாதான் இருந்தது. பசங்க கைபேசியில் பயன்படுத்தும் கூகுள் ஷீட்ஸில் மட்டும் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று இருந்தது. ஃபைல் பட்டியலில் செட்டிங்ஸ் போனால் லொக்கேல் என்று இருக்கிறது, இந்தியா என்று மாற்றிவிட்டேன். கணினியில் சரிசெய்தால் அதில் தானாக மாறாது என்று இப்போது தெரிந்தது.

குளித்தலை எழுத்தர்
வியாழன், இரவு 7.30

நீங்கள் ஏன் சார் வருந்த வேண்டும். கேட்டதற்குத்தான் சொன்னீர்கள்.

ட்ரூ 39, ஃபால்ஸ் 103, சொன்னபடியே வந்தது. 39-ல் இரண்டு பிள்ளைகளுக்கு நாளும் மாதமும் ஒரே எண், 05-05, 11-11. அவை மாற்றினாலும் அப்படியே இருந்தன. மீதி 37-ம் நேராகிவிட்டன. டெக்ஸ்ட் டு காலம்ஸ் செய்த பிறகு ஒன்றே ஒன்று மட்டும் இடப்பக்கமே நின்றது, ஆ பிரிவில் 10.11.2010. எத்தனை முறை பார்த்தாலும் சரியாகவே தெரிந்தது. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பத்தில் உள்ள பூஜ்யம் மற்றதைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தது. ஆசிரியை பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ அடித்திருக்கிறார்.

இன்று மதியம் ஆசிரியைகள் இருவரும் நானும் உட்கார்ந்து, ஒருவர் பதிவேட்டை வாசிக்க ஒருவர் திரையைப் பார்க்க, 142 பேரையும் ஒத்துப் பார்த்துவிட்டோம். ஒரு பையனுக்கு 2011 என்பதை 2010 என்று நானே அடித்திருந்தேன், அதுவும் சிக்கியது. முகவரியில் இரண்டு கதவு எண் தேதியாகியிருந்தன. நிலப் பதிவு சாருக்கு நன்றி.

இன்னொரு சந்தேகம். நாமினல் ரோலில் ஸ்லாஷ் போட்டுத்தான் வேண்டும் என்கிறார்கள். கஸ்டமில் ஸ்லாஷ் போட்டாலும் எனக்கு ஹைபனே வருகிறது. பெற்றோரைத் திங்கட்கிழமை வரச்சொல்லிக் கையெழுத்து வாங்கப்போகிறோம். அவர்கள் எளிதாகப் பார்க்க வேறு ஏதாவது செய்யலாமா?

திருப்பூர் டேட்டா என்ட்ரி
வியாழன், இரவு 9.15

நிறைவாக இருக்கிறது அம்மா. மூன்று பேர் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தீர்களே, அதற்கு ஈடாக எந்த ஃபார்முலாவும் கிடையாது.

வடிவத்தில் போடும் ஸ்லாஷை எக்செல் ஸ்லாஷ் என்று எடுத்துக்கொள்வதில்லை. இங்கே தேதி பிரிக்கும் குறி வர வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். இந்திய அமைப்பில் அந்தக் குறி ஹைபன். ஸ்லாஷே வேண்டும் என்றால் அதற்கு முன்னால் எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று போட வேண்டும், \/ இப்படி. இரண்டு இடத்திலும் போடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேலை செய்யுங்கள். ஐ நெடுவரிசைக்குப் பக்கத்தில் ஜே-யில் =ஐ2 என்று போட்டு அதே தேதியைக் கொண்டுவாருங்கள். அதன் கஸ்டம் வடிவத்தில் [$-449] என்று அடித்து, அதை ஒட்டினாற்போல ஆங்கில டி-யை நான்கு முறை அடியுங்கள். 449 என்பது தமிழுக்கான குறியீடு. அந்தத் தேதியின் கிழமை தமிழிலேயே வந்துவிடும். தேதி சொல்லத் தடுமாறுகிறவர்களுக்கும் பிள்ளை பிறந்த கிழமை மறக்காது. நாளும் மாதமும் மாறினால் அநேகமாகக் கிழமையும் மாறிவிடும். நீங்கள் சொன்ன பெண் பிள்ளைக்கு ஜூலை 8 என்றால் வியாழன், ஆகஸ்ட் 7 என்றால் சனி.

அடுத்த வருடம் அடிக்கும்போது நாள், மாதம், வருடம் மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் வாங்கி டேட் ஃபார்முலாவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கணினி அமெரிக்கா என்று இருந்தாலும் ஒன்றும் ஆகாது. நேரம் இல்லையென்றால் 7-ஆக்-2010 என்பதுபோல மாதத்தின் முதல் மூன்று ஆங்கில எழுத்தை வைத்து அடியுங்கள், அதை மாற்றிப் படிக்க வழியில்லை.

குளித்தலை எழுத்தர்
திங்கள், மாலை 6.10

இன்று பெற்றோர் வந்தார்கள். கிழமை போட்ட அச்சுப் பிரதியை மேஜையில் வைத்திருந்தோம். பெரும்பாலோர் தேதியைப் பார்ப்பதற்கு முன் கிழமையைத்தான் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் கிழமை வேறு என்றார். பிறப்புச் சான்றிதழை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தோம், தேதியும் கிழமையும் எங்களுடையதுதான் சரி. பிள்ளை பிறந்தது நள்ளிரவு கழிந்து ஒரு மணிக்கு. வீட்டில் முதல் நாள் கிழமையைச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு நானே முன்னதாக போன் செய்து சொல்லியிருந்தேன், தப்பு எங்களுடையது, நீங்கள் சொன்னதுதான் சரி என்று. மூன்றரை மணிக்கு மகளோடு வந்தார். தாளைக் கையில் கொடுத்தேன். மகள் 07-08-2010, சனிக்கிழமை என்று வாசித்துக் காட்டினாள். "ஆமாம்மா, சனிக்கிழமைதான்" என்றார். "இவங்க அப்பா தலையில எண்ணெய் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. அப்படியே எண்ணெய்த் தலையோட ஆட்டோ கூப்பிட ஓடினாரு."

கையெழுத்துப் போட்டுவிட்டு, மகளின் பெயருக்கு நேரே இருந்த தேதியை விரலால் இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார். பட்டியல் நாளைக் காலை எச்.எம். மேஜைக்குப் போகிறது.